டியூப் இறுகிவிட்டது, இனி எப்படித் தொடங்குவது?

கேள்வி:

எனக்கு வயது 43. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மாதக் கடைசிக் கணக்கை இதுவரை ஒரு நாள்கூடத் தாமதமாகக் கொடுத்ததில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருத்துவப் பரிசோதனை எல்லாம் தேதி தவறாமல் நடக்கும். எனக்கென்று நான் வைத்திருக்கும் வேலை மட்டும்தான் நடப்பதில்லை.

பள்ளிக்கூட நாளில் நன்றாகப் படம் வரைவேன். திரும்ப வரைய வேண்டும் என்று 3 வருடத்துக்கு முன்னால் 12 வாட்டர்கலர் டியூப், இரண்டு பிரஷ், நல்ல கனமான தாள் ஒரு கட்டு வாங்கினேன். தாள் கட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. போன வாரம் டியூப்களை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கல்லாக இறுகிக் கிடக்கின்றன. புது டியூப் வாங்கிக்கொண்டு தொடங்கலாம் என்று நினைத்தேன், வாங்கவில்லை.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு நோட்டில் இலக்குகளை எழுதுவேன். இந்த வருடம் 9 எழுதினேன். அதில் 7 போன வருடமும் இருந்தவை. நேர மேலாண்மை பற்றிய காணொலிகள் எத்தனையோ பார்த்துவிட்டேன். பார்த்த ராத்திரி உற்சாகமாக இருக்கும், காலையில் ஒன்றும் இருக்காது. "உன் ஓவியக் கண்காட்சி எப்போது?" என்று கணவர் கிண்டலாகக் கேட்டால் சிரித்துவிடுவேன். தனியாக இருக்கும்போது அழுகை வருகிறது. நான் சோம்பேறியா? இந்த வயதில் இனிமேல் தொடங்கி என்னதான் ஆகப்போகிறது?

பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சோம்பேறியா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சோம்பேறிக்குச் சும்மா இருப்பது சுகம். காலை நீட்டி உட்கார்ந்தால் அவருக்கு வேறு நினைப்பே வராது. நீங்கள் வரையாமல் விட்ட ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிச் சுகமாகக் கழிந்திருக்காது. துணி மடிக்கும்போதும் வரையவில்லையே என்ற நினைப்பு, தொலைக்காட்சி பார்க்கும்போதும் அதே நினைப்பு. ஒரு கோடுகூடப் போடாமலே நாள் முழுக்க வரைந்த களைப்போடு படுக்கப் போயிருப்பீர்கள். பழந்தமிழில் சோம்பலுக்கு மடி என்று ஒரு சொல், காலம் கடத்துவதற்கு நெடுநீர் என்று வேறொரு சொல். முன்னோர் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்த்தார்கள். நாம்தான் பின்னால் எல்லாவற்றையும் சோம்பல் கணக்கில் எழுதிவிட்டோம்.

உங்கள் கடிதத்தில் நான் நின்று திரும்பப் படித்த இடம் மாதக் கடைசிக் கணக்கு. ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை என்கிறீர்கள். நேரத்தை நிர்வாகம் செய்யத் தெரியாதவரால் அது முடியாது. ஆகவே நேர மேலாண்மைக் காணொலிகளை இனி நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைத்தான் அவை திரும்பத் திரும்ப விற்கின்றன. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

மாதக் கணக்கையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்குக்கு ஒரு தேதி உண்டு, கேட்க ஓர் ஆள் உண்டு, முடிந்ததா இல்லையா என்பதில் சந்தேகம் கிடையாது. படத்துக்கு இவை எதுவும் இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்த வித்தியாசம். தெரியாத வித்தியாசம் இன்னொன்று இருக்கிறது. கணக்கில் தப்பு வந்தால் தப்பு கணக்கில்தான். திருத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். படம் மோசமாக வந்தால் அந்தத் தப்பு எங்கே போய் உட்காரும்? "பள்ளிக்கூட நாளில் நன்றாக வரைவேன்" என்று எழுதினீர்களே, நேராக அந்த வரியில் போய் உட்காரும். தாள் கட்டைப் பிரிக்காத வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடப் பெண் நன்றாக வரைபவளாகவே இருப்பாள். பிரித்து, வரைந்து, அது கோணலாக வந்துவிட்டால் அவளையும் இழந்துவிடுவோமோ என்று உள்ளே ஒரு பயம். நீங்கள் மூன்று வருடமாகப் பாதுகாத்து வந்தது தாளை என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தப் பெண்ணைத்தான் பாதுகாத்திருக்கிறீர்கள் என்று படுகிறது.

ஃபூஷியா சிருவா, டிமோத்தி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013ல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொன்னார்கள். தள்ளிப்போடுவது கடிகாரத்தோடு சம்பந்தப்பட்டதல்ல, அந்த நேரத்து மனநிலையைச் சரிசெய்துகொள்வதற்காகச் செய்வது. ஒரு வேலையை நினைத்ததும் சலிப்போ பயமோ குழப்பமோ வருகிறது. வேலையை ஒத்திவைத்தால் அந்த உணர்ச்சி உடனே இறங்கிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

உங்கள் வீட்டில் அது எப்படி நடக்கிறது என்று அடுத்த முறை கூர்ந்து பாருங்கள். மேசைக்குப் பக்கத்தில் போகிறீர்கள். டியூப் இருக்கும் பெட்டியில் கை வைக்கிறீர்கள். நெஞ்சில் லேசாக ஒரு இறுக்கம். "முதலில் மேசையைத் துடைத்துவிடலாம்" என்று ஒரு யோசனை. துடைக்கும் துணி பின்கட்டில் இருக்கிறது, போகும் வழியில் துவைத்த துணிகள் காயப் போடாமல் கிடக்கின்றன. காயப் போடுகிறீர்கள். நெஞ்சு இப்போது லேசாக இருக்கிறது. கெட்டது இங்கேதான். அந்த லேசான உணர்வு ஒரு பரிசு. பரிசு கிடைத்த வழியில்தான் மூளை மறுபடியும் போகும். மேசையிலிருந்து விலகினால் நிம்மதி என்ற பாடத்தை மூன்று வருடமாக, வாரம் ஒரு முறையாவது அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். நல்ல மாணவன், நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டது. துணி காயப் போட்டது தவறு என்று யாராலும் சொல்லவும் முடியாது. பொறுப்பானவர்கள் தள்ளிப்போடும்போது வீடு பளபளவென்று இருக்கும்.

கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதை வட்டி என்று சொன்னால் சட்டெனப் புரியும். டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் இருவரும் 1997ல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களைப் பருவத்தின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை கவனித்தார்கள். தள்ளிப்போடும் மாணவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாகவும் ஆரோக்கியமாகவும் இருந்தார்கள். கடைசி வாரங்களில் கணக்கு தலைகீழானது. மன அழுத்தமும் உடல்நலக் குறைவும் அவர்களுக்கே அதிகம், மதிப்பெண்ணும் குறைவு. முதலில் கிடைத்த நிம்மதியைவிடப் பிறகு பட்ட அவதிதான் பெரிது. அவர்களுக்காவது பருவம் என்று ஒன்று முடிந்தது. உங்கள் வேலைக்கு முடிவுத் தேதி இல்லாததால் அசலும் கட்டாமல் வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. தனியாக இருக்கும்போது வரும் அழுகை அந்த வட்டிதான்.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேற்படிப்பில் நான் எழுத வேண்டியிருந்த ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு வழிகாட்டி ரொம்பவும் பாராட்டினார். "இதே தரத்தில் மீதியையும் எழுதிவிடுங்கள்" என்றார். அதற்குப் பிறகு 14 மாதம் நான் அதைத் தொடவில்லை. திட்டியிருந்தால் எழுதியிருப்பேன். பாராட்டு என் கையைக் கட்டிவிட்டது. இரண்டாம் அத்தியாயம் கொஞ்சம் சுமாராக வந்தால் முதல் அத்தியாயம் எழுதியவன் நான் இல்லை என்றாகிவிடும் அல்லவா? இத்தனைக்கும் படித்தது உளவியல். வெளியே வந்த விதம் கேவலமானது, ஆனால் உங்களுக்கு உதவும். ஒருநாள் மின்சாரம் போயிருந்தது. கணினி இல்லை. ஒரு பக்கம் அச்சடித்த பழைய தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கினேன். பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதுவது அத்தியாயம் ஆகாது, அதனால் பயம் வரவில்லை. விளக்கு வந்தபோது நான்கு பக்கம் இருந்தது. மூன்றரைப் பக்கம் குப்பை. மீதி அரைப் பக்கத்திலிருந்துதான் அந்த அத்தியாயம் கிளம்பியது.

அதனால் என் முதல் ஆலோசனை உங்களுக்குக் கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். அந்த நல்ல தாள் கட்டைப் பிரிக்காதீர்கள். குறைந்தது ஒரு மாதத்துக்கு அது உறையிலேயே இருக்கட்டும். ஒரு பக்கம் அச்சடித்து வீணான தாள் உங்கள் அலுவலகத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கும், அதில் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஈரம் பட்டால் அந்தத் தாள் சுருண்டு நெளியும், வண்ணம் திட்டுத்திட்டாகப் பரவும், பின்பக்கத்து எழுத்து தெரியும். அதில் நல்ல படம் வரவே வராது. நமக்கு வேண்டியதும் அதுதான். நல்ல படம் வர வாய்ப்பே இல்லாத இடத்தில் அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணுக்கு ஆபத்து எதுவும் இல்லை.

இரண்டாவது, "தினமும் அரை மணி நேரம் வரைவேன்" என்று நோட்டில் எழுதாதீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் எப்போது என்பதும் இல்லை, எங்கே என்பதும் இல்லை. பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்தது இதைத்தான். "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவத்தில் முடிவெடுப்பவர்கள், வெறுமனே "இதைச் செய்வேன்" என்று முடிவெடுப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். பாஸ்கல் ஷீரனோடு சேர்ந்து 2006ல் அவர் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் கணிசமாகவே இருந்தது. காரணம் எளிது. தொடங்கலாமா வேண்டாமா என்ற பேச்சுவார்த்தைக்கே இடமில்லாமல் போகிறது. பேச்சுவார்த்தை என்று வந்துவிட்டால் நம் மனசிடம் நாம் தோற்றுப்போவோம், அது நம்மைவிட நல்ல வக்கீல்.

உங்களுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: ராத்திரி சமையலறை விளக்கை அணைத்ததும், ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய் பிரஷை நனைப்பேன். இதில் வரைவது என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். தண்ணீர், மேசை, நனைந்த பிரஷ். விளக்கை எப்படியும் தினமும் அணைக்கிறீர்கள், அதை மறக்கப்போவதில்லை. பிரஷ் நனைந்த பிறகு ஒரு கோடு போடத் தோன்றினால் போடுங்கள். தோன்றாவிட்டால் பிரஷைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்து போங்கள்.

எழுந்து போகலாம் என்று உண்மையாகவே சொல்கிறேன். "ஐந்து நிமிடம் மட்டும் உட்கார், அப்புறம் தானாக ஒரு மணி நேரம் ஓடிவிடும்" என்று ஒரு யோசனை எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. பலருக்கு ஓடவும் செய்கிறது. ஆனால் ஐந்து நிமிடம் என்று சொல்லி ஒரு மணி நேரம் வேலை வாங்கும் முதலாளியிடம் யார் நாலாவது நாள் போவார்கள்? மனசு அந்தத் தந்திரத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். சொன்னது பிரஷ் நனைப்பது என்றால் அதோடு விட வேண்டும். முதல் இரண்டு வாரம் நீங்கள் செய்யப்போவது ஓவியப் பயிற்சி இல்லை. மேசைக்குப் பக்கத்தில் போனால் ஒன்றும் ஆகாது என்று அந்த நல்ல மாணவனுக்குப் பழைய பாடத்தை மறக்கடிக்கிறீர்கள், அவ்வளவே.

அந்த நேரத்தில் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

உற்சாகத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ராத்திரி இருக்கிறது, காலையில் இல்லை. அது வந்தால்தான் தொடங்க முடியும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் நாங்கள் இதைத் திருப்பிப் போடுவோம். மனம் வரட்டும் என்று காத்திருக்காமல் சின்னச் சின்னச் செயல்களை நேரம் குறித்துச் செய்ய வைப்போம். செயலுக்குப் பின்னால் மனம் மெதுவாக வந்து சேரும். படுக்கையை விட்டு எழவே முடியாமல் இருந்தவர்களிடம் வேலை செய்த முறை அது. காணொலி தரும் உற்சாகம் வேறு ரகம். அதைப் பார்க்கும்போது வேலையைச் செய்து முடித்த திருப்தியில் ஒரு வாய் முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. பசி ஆறிப்போய்த் தூங்கிவிடுகிறோம்.

இதே காரணத்துக்காக இன்னொன்று சொல்கிறேன்: யாரிடமும் அறிவிக்காதீர்கள். ஊரைக் கூட்டிச் சொன்னால்தான் செய்து முடிப்போம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கோல்விட்ஸரும் சக ஆய்வாளர்களும் 2009ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு எதிராகப் போகிறது. சட்டம் படிக்கும் மாணவர்கள், நல்ல வழக்கறிஞராவதற்காக என்ன செய்யப்போகிறோம் என்று எழுதினார்கள். சிலர் எழுதியதை ஆய்வாளர் பார்த்து ஒப்புக்கொண்டார், மற்றவர்கள் எழுதியதை யாரும் பார்க்கவில்லை. பிறகு வழக்குகளைப் படிக்கும் வேலையைக் கொடுத்தபோது, யாரும் பார்க்காத கூட்டம்தான் அதிக நேரம் உட்கார்ந்து வேலை செய்தது. "இவர் வழக்கறிஞராகப் போகிறவர்" என்று ஆய்வாளர் ஏற்றுக்கொண்டதே முதல் கூட்டத்துக்குப் பாதித் திருப்தியாக இருந்திருக்கிறது. "நான் ஓவியர் ஆகப்போகிறேன்" என்ற செய்திக்கு உறவுக்காரர்கள் கைதட்டுவது உங்களுக்கு அப்படித்தான் போய் முடியும். யாராவது ஒருவர் துணைக்கு வேண்டும் என்று தோன்றினால், "செவ்வாய்க்கிழமை மேசைக்குப் போனாயா?" என்று மட்டும் கேட்கும் தோழி ஒருத்தி இருந்தால் போதும். எப்படி வந்திருக்கிறது, காட்டு என்று கேட்பவராக இருந்தால் அவர் வேண்டாம்.

கணவரிடம் ஒரே ஒரு தடவை, கோபமில்லாமல், "கண்காட்சி பற்றிக் கேட்காதீர்கள், எனக்கு வலிக்கிறது" என்று சொல்லுங்கள். நீங்கள் சிரித்துவிடுவதால் அவருக்குத் தெரியாமலே போயிருக்கலாம். அவர் ஒரு வார்த்தையில் உங்கள் முன்னால் வைப்பது கண்காட்சி. நீங்கள் தேடிக்கொண்டிருப்பது ஒரு டம்ளர் தண்ணீர். அந்தத் தூரத்தைப் பார்த்தால் யாருக்கும் கால் வராது.

நோட்டுக்கு வருவோம். 9ல் 7 பழையவை. ஒரே வரியை இரண்டாவது ஜனவரியிலும் எழுதும்போது அது இலக்காக இருப்பதை நிறுத்திவிட்டு, உங்களைக் குத்திக்காட்டும் வரியாகிவிடுகிறது. இந்த வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதை யாருக்கும் சொல்ல முடியாது, யாரும் பார்க்க மாட்டார்கள் என்றாலும் நான் இதைச் செய்ய விரும்புவேனா? இல்லை என்று பதில் வருவதை அடித்துவிடுங்கள். அடிப்பது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. வேண்டாததைத் தூக்கிப் போடுவதும் ஒரு முடிவுதான். முடிவெடுக்காமல் ஏழு பேரை வாசலில் நிற்க வைத்திருப்பதுதான் களைப்பு. என் கணிப்பில் நாலைந்தாவது போய்விடும். மீதி இருப்பதில் ஒன்றுக்கு மட்டும் இந்த வருடம். மற்றவை கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும்.

ஜனவரியிலேயே ஏன் எழுதுகிறீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். புது வருடம், புது வாரம், பிறந்த நாள் போன்ற எல்லைக்கோடுகளை ஒட்டி மக்கள் உடற்பயிற்சிக் கூடங்களுக்கு அதிகம் போகிறார்கள் என்று 2014ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. பழையது முடிந்தது, புதிதாகத் தொடங்குகிறோம் என்ற உணர்வு தள்ளிவிடத்தான் செய்கிறது. ஆனால் அது இரண்டு பக்கமும் வெட்டும். திங்கட்கிழமை நல்ல நாள் என்றால் வியாழக்கிழமை கெட்ட நாளாகிவிடும். பிள்ளைகளின் தேர்வு முடியட்டும், ஆண்டுக் கணக்கு முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால், அலை ஓய்ந்த பிறகு தலை முழுகலாம் என்று கரையில் நின்றவன் கதைதான். இந்தப் பதிலை நீங்கள் படிக்கும் நாள் என்ன கிழமையோ தெரியாது, அந்தக் கிழமையே போதும்.

இப்போது தவறப்போகும் நாட்களைப் பற்றி. கட்டாயம் தவறும். யாருக்காவது காய்ச்சல் வரும், ஆண்டுக் கணக்கு வரும். ஒரு பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்று காணொலிகளில் கேட்டிருப்பீர்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று தெரிந்தது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். அதே ஆய்வில் எனக்குப் பிடித்த தகவல், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது அந்தப் பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பது. நம்மைப் பாதிப்பது விட்டுப்போன நாள் அல்ல, அதற்கு மறுநாள் நமக்கு நாமே நடத்தும் விசாரணை. "உனக்கு எதுவும் உருப்படாது" என்று உள்ளே ஒரு குரல் தொடங்கும். அந்தக் குரல் உங்களைத் திருத்தும் என்று நம்புகிறீர்கள். அது மேசையை இன்னும் கசப்பான இடமாக்குகிறது, கசப்பான இடத்திலிருந்துதானே நாம் ஓடிக்கொண்டிருக்கிறோம்?

இதை மைக்கேல் வோல், பிச்சில், ஷானன் பென்னட் மூவரும் 2010ல் சோதித்துப் பார்த்தார்கள். முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட மாணவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் இரண்டாவது தேர்வுக்கு முன்னால் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். மன்னிப்பது என்றால் ஒன்றும் நடக்காதது போல இருப்பதல்ல. மூன்று வருடம் போனது போனதுதான், எழுதித் தள்ளுபடி செய்ய வேண்டும். வராத கடனை எத்தனை வருடம் ஏட்டில் வைத்திருப்பது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலுவலக வேலை, கட்டணம் கட்டுவது, சாவி வைத்த இடம் என்று எல்லாவற்றிலும் சின்ன வயதிலிருந்தே இப்படி என்றால் ஏடிஎச்டி எனப்படும் கவனக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கலாம். பெரியவர்களுக்கும் அது உண்டு, சிகிச்சையும் உண்டு. உங்கள் விஷயம் அதுவாகத் தெரியவில்லை. ஆனால் அழுகை என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பு பிடித்த எதிலுமே இப்போது மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் மாறி, பெரும்பாலான நாட்கள் அப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பிரஷைப் பற்றி யோசிக்காமல் முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த வயதில் தொடங்கி என்ன ஆகப்போகிறது? இது கணக்குப் பிரிவிலிருந்து வரும் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. போட்ட முதலுக்கு என்ன வரும்? நேர்மையாகச் சொன்னால், ஒன்றும் வராமலும் போகலாம். கண்காட்சி நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் வரைந்தபோது என்ன வரும் என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கையில் ஈரமான பிரஷ் இருக்கும்போது வண்ணம் தாளில் இறங்கும் அந்த நேரம் பிடித்திருந்தது, அதனால் வரைந்தீர்கள். இன்னும் பிடிக்கிறதா என்பதுகூட உங்களுக்கு இப்போது தெரியாது. இரண்டு மாதம் பிரஷை நனைத்துப் பார்த்தபின் பிடிக்கவில்லை என்று தெரிந்தால் பெட்டியை ஆர்வமுள்ள பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அப்போது அழுகை வராது.

கடைசியாக டியூப். புதிது வாங்கப் போகாதீர்கள். போனால் கடையில் எந்த ரகம் நல்லது என்ற ஆராய்ச்சியில் இன்னும் ஆறு மாதம் போய்விடும். வாட்டர்கலரில் வண்ணத் தூளைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் வேல மரப் பிசின் வகை. அது தண்ணீரில் மறுபடியும் கரையும். பெட்டியில் வில்லை வில்லையாக விற்கும் வாட்டர்கலரே காய்ந்த வண்ணம்தானே? அக்ரிலிக் என்றால் காய்ந்தது காய்ந்ததுதான், உங்களுடையது அப்படியில்லை. இறுகிய டியூப் ஒன்றின் பின்பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறங்கள். உள்ளே இருக்கும் கட்டியை ஒரு பழைய பாட்டில் மூடியில் போட்டு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு வையுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால், கெட்ட வாடை வந்தால் அதை எறிந்துவிட்டு அடுத்ததை வெட்டுங்கள். எந்த நிறம் என்று தேர்வு செய்ய வேண்டாம், கைக்கு வந்ததே இன்றைய நிறம்.

இதை இந்தப் பக்கத்தை மூடியதும் செய்துவிடலாம், கத்தரிக்கோல் தேடும் நேரம்தான். கட்டி இளகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ராத்திரி சமையலறை விளக்கை அணைத்துவிட்டு வரும்போது அது தயாராக இருக்கும். நாளைக் காலையில் மேசைமேல் கலங்கிய தண்ணீர் ஒரு டம்ளர் இருந்தால் சரி. நெளிந்து காய்ந்த தாளைக் குப்பைக்கூடையில் போட்டுவிடலாம், எனக்கு அனுப்ப வேண்டாம்.